குடியிருந்தவர் பாழாக்கிவிட்டுப் போன வீட்டைச் சரிசெய்வது எப்படி: செங்கோட்டையிலிருந்து ஒரு வழிகாட்டி

சாவியை வாங்கிக் கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை வருமே, அதை முதல் தடவை அனுபவிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தென்காசிப் பக்கம் செங்கோட்டையில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீடு ஒன்று எனக்கு இருக்கிறது. தார்சா என்கிற முன்கட்டு, பட்டாசல் என்கிற கூடம், அடுக்களை, புறவாசலில் ஒரு கிணறு, அவ்வளவுதான். நாலரை வருடம் ஒரு குடும்பம் குடியிருந்தது. நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு, கேரள எல்லையில் இருக்கிற புளியரை தாண்டி அந்தப் பக்கத்துக் கடைகளுக்கும் கொடுத்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது அத்தனையும் என் வீட்டு அடுக்களையிலேயே, பெரிய வாணலி வைத்து, தினமும் வெந்தது என்பது காலி செய்த அன்றுதான் தெரிந்தது. வாடகை மாதாமாதம் சரியாக வந்தது, அதனால் நான் எட்டிப் பார்க்கவே இல்லை. இதில் என் தப்பும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த குடித்தனக்காரர் தயாராக இருந்தார் என்று ஆத்திரமும் அவசரமுமாக ஒரே வாரத்தில் வெள்ளையடித்தேன். சாரல் தொடங்கிய நேரம். இருபது நாளில் அடுக்களைச் சுவரில் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு வந்தது, பிறகு செதில் செதிலாக உரிந்தது. அந்தப் பணம் போச்சு. இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்ததைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் நாள் துடைப்பத்தைத் தொடாதீர்கள்

உள்ளே நுழைந்ததும் கேஸ் வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இல்லையென்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், வாசலிலிருந்து புறவாசல் வரை நடந்துகொண்டே போனில் வீடியோ எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு அறைக்கும் நான்கு சுவர், தரை, கூரை என்று தனித்தனியாகப் படம். உடைந்த பொருளைக் கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று எடுக்கவேண்டும், இல்லையென்றால் அது எந்த அறை என்று பிறகு உங்களுக்கே தெரியாது. மின்மீட்டர் ரீடிங்கையும் படம் எடுங்கள். சர்வீஸ் நம்பரைப் போட்டு பாக்கி இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால் பாக்கியும் உங்கள் தலையில்தான் வந்து விடியும்.

முடிந்தால் காலி செய்கிறவரை உடன் வைத்துக்கொண்டே இந்தச் சுற்றை முடியுங்கள். சண்டைக்கு இல்லை. "இந்த டைல்ஸ் எப்படி உடைஞ்சுது?" என்று சாதாரணமாகக் கேட்டால் பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்துப் போனில் கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

அவர்கள் விட்டுப்போன சாமான்களைத் தெருவில் தூக்கிப் போடாதீர்கள். ஒரு மூலையில் சேர்த்து, பட்டியல் எழுதி, படத்தோடு செய்தி அனுப்பி, எடுத்துப்போக ஒரு தேதி சொல்லுங்கள். எனக்கு ஒரு டிரங்குப் பெட்டிக்குள் குழந்தையின் தடுப்பூசி அட்டையும் ஒரு பழைய பத்திர நகலும் கிடைத்தன. அதை வாங்க அவர் வந்த அன்றைக்குத்தான் மற்ற பேச்சும் சுமுகமாக முடிந்தது.

நோட்டில் மூன்று பக்கம்

என்னைக் கேட்டால் வேலையில் முக்கியமான கட்டமே இதுதான். ஒரு நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள். குடியிருந்தவர் செய்தது ஒன்று, மழையும் வயசும் செய்தது ஒன்று, நாம் செய்யாமல் விட்டது ஒன்று. வீட்டைச் சுற்றிவந்து ஒவ்வொரு குறையையும் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கோபத்தில் எல்லாம் முதல் பக்கத்துக்குத்தான் போகும். இரண்டாவது தடவை சுற்றிவரும்போது பாதி இடம் மாறிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது: பட்டாசல் சுவரில் கறுத்துப்போன பூசணத்துக்கு அவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன், மேலே ஏறிப் பார்த்தால் மூன்று ஓடு உடைந்து கிடக்கிறது. குற்றாலத்துப் பக்கமிருந்து வருகிற குரங்குகள் செய்த வேலை. அவர்கள் இரண்டு தடவை போன் பண்ணிச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அட்வான்ஸ் கணக்குக்கும் இதே நோட்டுதான் ஆதாரம். தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரிப் பேசியிருந்தால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வீடு உங்கள் கைக்கு வந்து ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியது போக மிச்சத்தைத் திருப்பிவிட வேண்டும். எது யார் செலவு என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது: வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பழைய குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் நம் பாடு. குழாய்த் திருகு, அடைத்த சாக்கடை, உடைந்த கண்ணாடி, சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி எல்லாம் குடியிருப்பவர் பாடு. கட்டடத்தின் ரிப்பேர் நம்முடையது, ஆனால் குடியிருந்தவர் கெடுத்ததால் வந்த ரிப்பேர் என்றால் அது நம் கணக்கில் சேராது. ஆக, நாலரை வருடம் மங்கிப்போன வெள்ளைக்கு அட்வான்ஸில் கைவைக்க முடியாது, எண்ணெய் ஊறிப் பெயர்த்தெடுக்க வேண்டிய பூச்சுக்குக் கைவைக்கலாம். நான் அடுக்களைச் சுவர், இரண்டு சாக்கெட், சாக்கடை அடைப்பு, இந்த மூன்றுக்கு மட்டும் பில்லோடு பிடித்தேன். அவரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கம் வீடு வைத்திருக்கிற நம்மாட்கள் கவனிக்க: அங்கே கேரளத்தின் 1965-ம் ஆண்டு வாடகைச் சட்டம் வேறு, மேலே சொன்னது அங்கே செல்லாது.

குப்பையும் புறவாசலும்

கையுறை, முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ், முகத்துக்குத் துணி, இவை இல்லாமல் இறங்காதீர்கள். எலி புழங்கிய வீட்டில் அதன் மூத்திரம் பட்ட ஈரம் காலில் இருக்கிற சின்னக் கீறல் வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொடுத்துவிடும். எலிப்புழுக்கையை வறட்டுத் துடைப்பத்தால் கூட்டிப் புழுதி கிளப்பவும் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் தண்ணீர் தெளித்துச் சற்று நேரம் ஊறவிட்டு அப்புறம் வாருங்கள். புதர் மண்டிய புறவாசலில் நீளக் கம்பால் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். பாம்பு கண்ணில் பட்டால் வீரம் காட்டாமல் 101-க்கு அடித்துத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள், வந்து பிடித்துப் போவார்கள்.

ஒன்றைக் கல்வெட்டு மாதிரி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையும் ஒரே இடத்தில் ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும். செப்டிக் டேங்க் நிறைந்திருந்தால் உறிஞ்சுகிற லாரியைக் கூப்பிடுங்கள், எவ்வளவு சின்ன வேலை என்று சொன்னாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கிற 2013 சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், உள்ளே இருக்கிற வாயு இரண்டு மூச்சில் உயிரை எடுத்துவிடும்.

கிணறு இருந்தால், மேலே மிதக்கிற குப்பையை எடுத்து, மோட்டார் போட்டு முடிந்த அளவு இறைத்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊறியபின் மருந்து போடுங்கள். கணக்கு சுலபம்: கிணற்றின் குறுக்களவை மீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கினால் கனமீட்டர் வரும். ஒரு கனமீட்டர் 1,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். 2 மீட்டர் அகலக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 9,400 லிட்டர், அதற்கு 24 கிராம் போதும். இது தெளிந்த தண்ணீருக்கான அளவு. கலங்கலாக இருந்தால் இன்னும் இறைக்க வேண்டும் என்று அர்த்தம், பவுடரைக் கூட்ட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் இறக்கிக் கலக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் தொடக் கூடாது. நான் சாயங்காலம் போட்டுவிட்டுக் காலையில்தான் எடுத்தேன். பல மாதம் திறந்து கிடந்த பவுடர் வீரியம் போயிருக்கும், புதுப் பாக்கெட்டாக வாங்குங்கள். மேல்நிலைத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடி போட்டுவிடுங்கள். புறவாசலில் கிடக்கிற டயர், உடைந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்து அப்புறப்படுத்துங்கள். டெங்குக் கொசுவுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீரே ஒரு குளம்.

கூரை முதலில், சுவர் அப்புறம்

நம் பக்கத்துக்கு இரண்டு மழை. ஆனியில் தொடங்கி ஆவணி வரை கணவாய் வழியாகச் சாரல், அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. நடுவில் கிடைக்கிற வெயிலை நம்பிப் பெயின்ட் அடிக்கக் கூடாது. மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதம்தான் சுவருக்கு நல்ல காலம். உங்கள் வீடு வேறு மாதத்தில் கையில் வந்தால் கூரை, குழாய், வயரிங் வேலைகளை முடித்துக்கொண்டு சுவரைக் காயப் போடுங்கள். இரண்டு மாத வாடகை போகிறதே என்று வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. இரண்டு தடவை வெள்ளையடித்த செலவை விட அது குறைவுதான்.

சீமை ஓடு வாங்கப் போகும்போது பழைய ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். அடியில் கம்பெனி முத்திரை இருக்கும். ஒவ்வொரு கம்பெனி அச்சும் ஒரு நூல் இரண்டு நூல் வித்தியாசப்படும், பார்க்க ஒன்று போல இருந்தாலும் கொக்கி ஒன்றில் ஒன்று உட்காராது, அந்த இடுக்கில் காற்றுமழை அடித்து ஒழுகும். இடித்த பழைய வீட்டு ஓடு விற்கிற இடத்தில் தேடினால் அதே முத்திரை பெரும்பாலும் கிடைக்கும். மேலே ஏறுகிறவர் கைமரம் (ஓட்டைத் தாங்குகிற சாய்வு மரம்) ஓடுகிற இடமாகப் பார்த்துக் கால் வைக்க வேண்டும், நடு ஓட்டில் மிதித்தால் மூன்றை மாற்றப் போய் முப்பதை உடைத்துவிட்டு இறங்குவார். ஏறியதோடு முகட்டுச் சாந்து வெடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சுவர் என்ன சொல்கிறது

கூரை அடைத்தபின்னும் சுவர் ஈரமாக இருந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் காகிதத்தை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். காகிதத்தின் உட்புறம், சுவரை ஒட்டிய பக்கம், வியர்த்திருந்தால் சுவருக்குள்ளிருந்து ஈரம் வருகிறது: அடித்தளத்திலிருந்து ஏறுகிறது, அல்லது குழாய் கசிகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் இல்லை, ஜன்னலைத் திறந்துபோட்டாலே பாதி குறையும்.

பூசணத்தின் மேல் அப்படியே பெயின்ட் அடிப்பது புண்ணின் மேல் பவுடர் போடுவது மாதிரி. பிளீச்சிங் தண்ணீரால் துடைத்துத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு அப்புறம்தான் மற்றது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதற்குத் தண்ணீர் காட்டக் கூடாது, உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும். வறட்டுப் பிரஷால் தட்டிக் கூட்டி அள்ளிவிடுங்கள்.

வீடு எந்தக் காலத்தது என்று தெரிந்துகொண்டு பெயின்டரிடம் பேசுங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். அந்தக் காலத்து வீடுகள் இன்னும் தெருவுக்கு நாலு நிற்கின்றன, சுவரெல்லாம் சுண்ணாம்புக் காரை. அந்தச் சுவர் மூச்சு விடும். ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசி, பட்டி (மேடுபள்ளம் நிரப்புகிற மாவு) பார்த்து, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு பூச்சையே தள்ளிவிடும். பெயின்டர்களுக்குப் பட்டி போட்டால்தான் கூலி நிற்கும், அதனால் அதைத்தான் சொல்வார்கள். காரைச் சுவருக்குச் சுண்ணாம்பே போதும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசையும் ஒரு துளி நீலமும் சேர்த்து, சுவரை முதலில் நனைத்துவிட்டு மெல்லியதாக மூன்று கோட். ஒரே கோட்டில் கெட்டியாக அடித்தால் கை வைத்த இடமெல்லாம் ஒட்டும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சிமெண்ட் பூச்சு வீடு என்றால் பிரைமர், பட்டி, எமல்ஷன் என்ற வழக்கமான வரிசை சரிதான். புதிதாகப் பூசிய இடத்தை மட்டும் ஒரு மாதமாவது காயவிடுங்கள்.

எண்ணெய் குடித்த அடுக்களை

முதல் வெள்ளை உரிந்தபின் கூப்பிட்ட கொத்தனார் சுவரில் நகத்தால் கீறி மோந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "அண்ணாச்சி, செவரு எண்ணெ குடிச்சிருக்கு. நீங்க எத்தன கோட்டு அடிச்சாலும் துப்பிரும்." அவர் சொன்ன முறை இது.

பழைய வெள்ளையைத் தகடு வைத்துச் சுரண்டி எடுங்கள். ஐந்து லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து, கீழிருந்து மேலாகத் தேய்த்துவர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வடிகிற அழுக்குத் தண்ணீர் கீழே கோடு கோடாகப் படியும். கையுறை கட்டாயம், சோடா தோலை உரித்துவிடும். நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, கையால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுவர் உறிஞ்சினால் சரி, முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடியும் சோடா. மூன்று தடவை கழுவியும் உருண்டால் அந்தப் பூச்சு தேறாது. எனக்கு அடுப்புக்குப் பின்னால் நாலடி உயரத்துக்குச் செங்கல் தெரிகிற வரை கொத்தி எடுத்துப் புதுக் காரைதான் பூச வேண்டியிருந்தது. மற்ற மூன்று சுவரும் கழுவலிலேயே தேறின. டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். எண்ணெய்ச் சுவரில் டைல்ஸும் நிற்காது, கொத்தித்தான் ஒட்ட வேண்டும்.

சாக்கடையிலும் இதே கதை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், மார்கழியில் பாட்டிலில் பார்க்கிறோமே அதேதான். நாலரை வருடமும் குழாய்க்குள் உறைந்து உறைந்து, வாழைக்காய் மாவோடு சேர்ந்து மெழுகு மாதிரி அடைத்திருந்தது. ஆசிட் ஊற்றிப் பிரயோஜனமில்லை. வெளியே இருக்கிற சேம்பரைத் திறந்து, வளைகிற கம்பி விட்டுக் குத்தி, நடுநடுவே நல்ல சூடான தண்ணீரும் சோப்பும் ஊற்றித்தான் எடுத்தோம். குழாய் பிளாஸ்டிக் என்றால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், மூட்டு இளகிவிடும்.

கரண்ட், தரை, மரம்

கருகிய சாக்கெட் ஒன்று கண்ணில் பட்டாலே அந்த லைன் முழுக்கச் சந்தேகம்தான். தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து வயரின் காப்பு, எர்த் இரண்டையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லையென்றால் இப்போதே போட்டுவிடுங்கள். ஈரச்சுவர் வீட்டில் அது ஆடம்பரம் இல்லை. இந்த வேலையெல்லாம் வெள்ளையடிக்கும் முன்னால் முடிய வேண்டும், பிறகு சுவரைக் கொத்தினால் அழுகைதான் வரும்.

சிவப்புக் காவித் தரையில் ஆசிட் படவே கூடாது, பட்ட இடம் வெளுத்துத் திட்டாகிவிடும். சோப்புத் தண்ணீரால் நாலைந்து தடவை தேய்த்துத் துடைத்து, காய்ந்தபின் துணியில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் முகம் தெரியும். அந்த வீட்டில் எண்ணெய் உருப்படியாகப் பயன்பட்ட ஒரே இடம் அதுதான். நிலை, கதவுகளைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கினால் கறையான். அது கட்டிய மண் தடத்தைத் தட்டிவிட்டதோடு விட்டால் திரும்ப வரும், அடியில் மருந்து விட வேண்டும். நிலையின் அடிப்பாகம் மட்டும் போயிருந்தால் முழுசாக மாற்ற வேண்டாம், அந்த ஒரு அடியை அறுத்துத் துண்டு சேர்த்துத் தர ஆசாரிக்குத் தெரியும்.

அடுத்த குடி வருமுன்

வெற்று வீட்டை மறுபடியும் வாசலிலிருந்து புறவாசல் வரை வீடியோ எடுத்து, வருகிறவருக்கும் அனுப்புங்கள். சாவி எத்தனை, மீட்டர் ரீடிங் எவ்வளவு, ஃபேன் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. ஒப்பந்தத்தில் வியாபாரத்துக்குச் சமையல் கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொல்லிவிட்டு வந்து பார்ப்பேன் என்று இன்னொரு வரி. இரண்டாவது வரி எனக்காகத்தான். ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துவிடுங்கள்.

பெயின்ட் டப்பாவின் மேல் எந்த அறை என்று மார்க்கரால் எழுதி வையுங்கள், நிறத்தின் நம்பர் இல்லாமல் கடையில் போய் நின்றால் அதே நிறம் கிடைக்காது. மிஞ்சிய ஓட்டில் ஒரு பத்தைப் புறவாசல் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறேன், போன மாதம்கூட இரண்டு தேவைப்பட்டது. குரங்குகளிடம் எந்த ஒப்பந்தமும் போட முடியவில்லை.